புஷ்பவள்ளி நிறுத்திய ஏழு நிமிடம்

எங்கள் கம்பெனி கேன்டீன் வாசலில் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது. போன மாதம் அதில் புஷ்பவள்ளியின் படத்தை மாட்டினார்கள். படத்துக்குக் கீழே மூன்றே வரி. பெயர், பேக்கிங் பகுதி லைன் லீடர், இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர். அவ்வளவுதான். படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அட போங்கய்யா! நேரத்துக்கு வருவதெல்லாம் ஒரு பெருமையா? வாசலில் நிற்கிற கார்டு மிஷின்கூடத்தான் நேரத்துக்கு வேலை செய்கிறது. அவள் செய்த காரியத்தை ஏன் ஒருத்தரும் எழுதவில்லை என்று ஆபீசில் போய்க் கேட்டேன். “அதெல்லாம் எழுதுனா போர்டுல இடம் பத்தாது அண்ணே” என்றாள் அங்கிருந்த பெண். சரி, இடம் இருக்கிற தாளில் நானே எழுதுகிறேன்.

நான் காளிதாசன். வயது ஐம்பத்தாறு. சுங்கைப்பட்டாணியில் ரப்பர் கையுறை செய்யும் இந்தக் கம்பெனியில், சரக்கு ஏற்றும் இடத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதையில் தப்புச் செய்தவனும் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டான் என்று பிறகு யாரும் என் மேல் பழி போட வேண்டாம்.

புஷ்பவள்ளியும் நானும் சுங்கை லாலாங் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஐந்தாம் படிவம் முடித்தாள், வீட்டில் ஒரு சாவு விழுந்தது, அடுத்த வருடமே இங்கே வேலைக்கு வந்துவிட்டாள். கையுறைகளை நூறு நூறாகப் பெட்டியில் அடைக்கிற வேலை. இன்றைக்கு அந்த லைனுக்கே அவள்தான் தலைவி. புக்கிட் செலம்பாவில் வீடு. கணவர் வசந்தன் லாரி ஓட்டுகிறார், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். காலையில் ஆறு மணிக்கெல்லாம் மோட்டாரில் கிளம்பி, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே யாரையாவது திட்டிக்கொண்டு உள்ளே வருவாள். பார்த்தால் சாதாரண மனுஷி. சத்தியமாக அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாதுகாப்புப் பிரிவுக்காரர்கள் ஒரு பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள். மனத்துக்கான முதலுதவி என்று அதற்குப் பெயர். கை வெட்டுப்பட்டால் கட்டுப் போடுகிறோம் இல்லையா, அதுமாதிரி மனசு அடிபட்டால் டாக்டரிடம் போவதற்குள் பக்கத்தில் இருக்கிறவன் என்ன செய்வது என்று சொல்லித் தருவார்களாம். ஆபீசர்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்கென்று பார்த்து வேலை வந்துவிட்டது. கடைசியில் புஷ்பாவைக் கேட்டார்கள். “சாப்பாடு உண்டா?” என்று கேட்டிருக்கிறாள். பிரியாணி என்றதும் கிளம்பிவிட்டாள்.

டவுனில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு. ஷாமளா என்ற மனநல ஆலோசகர் நடத்தினார். மூன்றாம் நாள் புஷ்பா சட்டைப் பையில் ஒரு அட்டையோடு வந்தாள். பார், கேள், உதவி கிடைக்கிற இடத்தோடு சேர்த்துவிடு என்று அதில் மூன்று விஷயம் இருந்தது. நான் சும்மா இருப்பேனா? “வாங்க டாக்டரம்மா” என்று சலாம் போட்டேன்.

“சிரிங்க, சிரிங்க. ரெண்டு நாளா அந்தம்மா அடிச்சு அடிச்சு சொன்னது ஒண்ணுதாண்ணே. ஆறுதல் சொல்றேன்னு பொய் சொல்லாத. தெரிஞ்சத தெரியும்னு சொல்லு, தெரியாதத தெரியாதுன்னு சொல்லு.”

“இதுக்குப் போயி ரெண்டு நாளா?”

“எனக்கு ரெண்டு நாளு. உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆகும்லா” என்றாள்.

அன்றைக்கு அதைக் கேலி என்று நினைத்தேன்.

எங்கள் கம்பெனியில் மியன்மார்க்காரர்கள் நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் நாட்டில் சண்டை தொடங்கி வருடங்கள் ஆகிவிட்டன. குண்டு விழுவது அங்கே. அதன் சேதி விழுவது இங்கே. வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது, லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பது சட்டம். ஓய்வு மணி அடித்ததும் லாக்கரைப் பார்த்து ஓடுவார்கள். போகும்போது இருந்த முகம் திரும்பி வரும்போது சில பேருக்கு இருக்காது. முன்பெல்லாம் அப்படி யாராவது அழுதால் நம் ஆட்கள் பத்துப் பேர் சுற்றி நிற்போம். ஒருத்தி தைலம் தேய்ப்பாள், ஒருத்தி மைலோ கலக்குவாள். அழாதே, ஒன்றும் ஆகாது, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்வோம். அவர்கள் நம் தொல்லை தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு லைனுக்குப் போய்விடுவார்கள். ஆறுதல் சொல்லிவிட்டோம் என்று நாமும் நிம்மதியாகப் போவோம்.

புஷ்பா முதலில் செய்தது, பேக்கிங் பகுதிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இரண்டு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டது. ஒன்று அழுகிறவருக்கு, ஒன்று அவளுக்கு. நின்றுகொண்டு பேச மாட்டாள். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பாள். “ரெண்டு காலையும் தரையில நல்லா வை” என்பாள். அப்புறம் வாயே திறக்க மாட்டாள். புஷ்பவள்ளி, வாயே திறக்க மாட்டாள்! அந்த அதிசயத்தைப் பார்க்கவே நான் இரண்டு தரம் போர்க்லிப்டை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கடைசியில் ஒரே கேள்வி கேட்பாள்: இப்போது உனக்கு என்ன வேண்டும்? ஒருத்தருக்குத் தம்பியிடம் பேச வேண்டும், ஒருத்தருக்குக் கிளினிக் போக வேண்டும், ஒருத்தருக்குச் சும்மா பத்து நிமிடம் உட்கார வேண்டும். அதை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் லைனுக்குத் திரும்புவாள். நாங்கள் அதற்குப் புஷ்பா கிளினிக் என்று பெயர் வைத்தோம். கேலியாகத்தான் வைத்தோம், ஆனால் ஆறு மாதத்தில் சூப்பர்வைசர்களே அழுகிற ஆளை அங்கே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் லைனில் சண்டார் என்று ஒரு பெண். மியன்மாரில் சகாயிங் பக்கம் ஒரு கிராமம். வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஒன்பது வயதில் ஒரு மகள், பெயர் நிலார். சண்டாரின் தங்கை ஊரில் வைத்து வளர்க்கிறாள். போன வருடம் நிலாருக்குக் காலில் போடும் சப்பாத்து வாங்க சண்டாரும் புஷ்பாவும் பீடோங் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனார்கள். ஊதா நிறச் சப்பாத்து. அளவாக எடுத்தால் போதும் என்றாளாம் சண்டார். “புள்ள வளரும்லா, பெருசாவே எடு” என்று ஒரு அளவு கூட்டி எடுக்க வைத்தவள் புஷ்பா. பெரிதாக இருந்ததால் முன்பக்கம் ஆளுக்கொரு கழித்துப்போட்ட நீலக் கையுறையைச் சுருட்டித் திணித்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து, குழந்தை அந்தச் சப்பாத்தோடு நிற்கிற படம் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போன் லைன் கிடைப்பதே குதிரைக் கொம்பாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி ஓய்வு முடிந்து சோ மின் என்னிடம் வந்தான். என்னோடு பெட்டி ஏற்றுகிறவன், சண்டாரின் பக்கத்து ஊர்க்காரன். போனை நீட்டினான். கூரை இல்லாத ஒரு பள்ளிக்கூடம். சுற்றிலும் புகை. விடியற்காலையில் விமானத்திலிருந்து குண்டு போட்டார்களாம். “சண்டார் ஊர்” என்றான்.

சண்டாருக்கு அன்று ஓய்வு வேறு நேரம். ஊரில் லைன் போனதிலிருந்து அவள் ஓய்வில் போனை எடுக்க ஓடுவதும் இல்லை; அது லாக்கரிலேயே கிடந்தது. வேலை முடிய ஏழு மணி ஆகும். அதுவரைக்கும் அவளிடம் வாயைத் திறக்காதே என்று சோ மின்னுக்கு நான்தான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், நம் வழக்கம் அது. நம்மில் யாராவது ஒரு சாவை நேராகச் சொன்னதுண்டா? அப்பா இறந்திருப்பார், கொஞ்சம் முடியவில்லை, உடனே வா என்போம். ஆள் போயே போயிருக்கும், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்போம். வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்து அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். அதுதான் அன்பு என்று எனக்கு யாரோ சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார்கள்.

பன்னிரண்டரைக்குக் கேன்டீனில் சண்டார் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எங்களுக்குள் பேச்சு உடைந்த மலாயில்தான்; இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“அண்ணே, சோ மின் ஏன் சாப்பிடாம இருக்கான்? ஊருல ஏதாச்சுமா?”

“அட, அவன் காதலிக்கிற பொண்ணோட சண்டை. ஊரெல்லாம் நல்லா இருக்கு. நான் விசாரிச்சிட்டேன். உன் வீட்டுலயும் எல்லாரும் சௌக்கியம்.”

வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்கிறீர்கள்! அதோடு விட்டேனா? என் தட்டிலிருந்த கோழித் துண்டையும் எடுத்து அவள் தட்டில் வைத்தேன். பாவம், இன்றைக்காவது நன்றாகச் சாப்பிடட்டும் என்று. அவள் சிரித்தாள். இன்னொரு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு மணிக்குப் புஷ்பா நான் இருக்கிற இடத்துக்கு வந்தாள். லைன் லீடர் லைனை விட்டு இவ்வளவு தூரம் வர மாட்டாள். வண்டியின் சாவியைத் திருகி நிறுத்தினாள்.

“சோ மின் டாய்லெட் பக்கம் உக்காந்து அழறான். எல்லாத்தையும் சொல்லிட்டான். நீங்க என்னா சொன்னீங்க சண்டார்கிட்ட?”

“ஒண்ணும் சொல்லல புஷ்பா. சாயங்காலம் பாத்துக்கலாம்னு...”

“காளிதாசன் அண்ணே விசாரிச்சிட்டாரு, என் வீட்டுல எல்லாரும் சௌக்கியமாம்னு சிரிச்சிக்கிட்டே வந்து என்கிட்ட சொல்றா. யாருகிட்ட விசாரிச்சீங்க?”

“நல்லதுக்குத்தான்லா...”

“அன்னைக்கும் நல்லதுக்குத்தான் காரு ஓட்டுனீங்க” என்றாள்.

இருபத்தேழு வருடமாக அவள் அதைப் பேசியதே இல்லை. அவளுக்குப் பத்தொன்பது வயதில் அண்ணன் பழனியாண்டி மோட்டார் விபத்தில் போனான். அவள் அப்போது மெர்போக்கில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். மாமாவின் புரோட்டோன் சாகா காரை எடுத்துக்கொண்டு அவளை அழைத்துவரப் போனவன் நான். அண்ணனுக்குக் கால் முறிந்திருக்கிறது என்று சொன்னோம். வழியில் முனீஸ்வரர் கோயிலைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னாள். அண்ணன் எழுந்து நடந்தால் மூன்று வருடம் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். காரில் இருந்த நாங்கள் நாலு பேரும் இறங்கி அவள் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டோம். தேங்காய் உடைத்தவன் நான். பழனியாண்டி பிணவறைக்குப் போய் அப்போது நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

“என் பக்கத்துல நின்னு கண்ண மூடிக் கும்பிட்டீங்கண்ணே. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அதுக்கப்புறம் ரொம்ப நாளு, எங்கம்மா சாப்பிட்டியான்னு கேட்டாகூட அதுக்குள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு தேடுவேன்.” அவள் குரல் உயரவே இல்லை. அதற்குப் பதிலாக அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பேக்கிங் லைனில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. கை சிக்கினால், இரும்புத் துண்டு விழுந்தால் மட்டும்தான் அமுக்க வேண்டும். புஷ்பா நேராகப் போய் அதை அமுக்கினாள். ஓடிக்கொண்டிருந்த பெல்ட் நின்றது. இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சண்டாரின் கையைப் பிடித்துப் பின்னால் ஸ்டூலுக்கு அழைத்துப் போனாள். தாய்மொழியில் கேட்கட்டும் என்று சோ மின்னையும் கூப்பிட்டாள். என்னையும் நிற்கச் சொன்னாள்.

“இன்னைக்குக் காலையில உங்க ஊருல குண்டு விழுந்திருக்கு. பள்ளிக்கூடத்து மேல. நிலாரும் உன் தங்கச்சியும் எங்க இருக்காங்கன்னு தெரியாது. இங்க யாருக்கும் இன்னும் தெரியாது. அண்ணே மத்தியானம் சொன்னது உண்மை இல்ல. இனிமே எனக்கு எது தெரிஞ்சாலும் உன்கிட்ட சொல்வேன். நான் உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

சோ மின் அதைத் தன் மொழியில் சொன்னான். சண்டார் அழவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“நான் ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேனே அண்ணே” என்றாள்.

நான் செத்துப்போனேன். வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

புரொடக்ஷன் மேனேஜர் சிவரூபன் ஓடி வந்தார். அவர் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், கணக்கில் கெட்டிக்காரர், லைன் ஒரு நிமிடம் நின்றாலும் முகம் சிவந்துவிடும். புஷ்பா எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் இரண்டு ஸ்டூலையும் பார்த்தார், சண்டாரைப் பார்த்தார்.

“எத்தினை நிமிசம் நிண்டது?”

“ஏழு சார்.”

“ஏழெண்டே எழுதுங்கோ. காரணத்தையும் எழுதுங்கோ.”

லைன் நின்றதற்கான தாளில் மிஷின் கோளாறு, பெட்டி இல்லை, கரண்ட் இல்லை என்று அச்சடித்த காரணங்கள்தான் இருக்கும். புஷ்பா கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, மலாயில் ‘மனிதர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சிவரூபன் அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அவருடைய பெரியம்மா குடும்பம் வன்னியில் மாட்டிக்கொண்டபோது மூன்று மாதம் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் அவர் வேலைக்கு வந்துபோனாராம். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். “எனக்கு ஒருத்தரும் அப்ப ஒரு ஸ்டூல் போடயில்லை, காளிதாசன்.”

அடுத்த மூன்று நாளும் சண்டார் ஹோஸ்டலில் படுத்திருக்க மறுத்துவிட்டாள். கைக்கு வேலை வேண்டும் என்றாள். புஷ்பா அவளை லைனிலிருந்து எடுத்துத் தன் பக்கத்தில் பெட்டி மடிக்க உட்கார வைத்தாள். போனைக் கையில் வைத்துக்கொள்ள மேனேஜரிடம் அனுமதி வாங்கினாள். புதன்கிழமை சண்டார் ஊருக்குப் போகிறேன் என்றாள். ஒரு ஏஜென்ட் இருக்கிறானாம், காட்டு வழியாக எல்லை தாண்டி விடுவானாம். கேட்ட எங்களுக்கெல்லாம் பதறியது. போகாதே, செத்துப்போவாய் என்று நாலு பேர் கத்தினோம். புஷ்பா மட்டும் போகாதே என்று சொல்லவில்லை.

“போறதும் போகாததும் உன் முடிவு. ஆனா எந்தப் பக்கம் நடப்ப? புள்ள எந்த ஊருல இருக்குன்னே தெரியல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. அதுவரைக்கும் தேடுவோம். அப்புறம் நீயே முடிவு பண்ணு.”

சண்டார் யோசித்துவிட்டு, சரி, வெள்ளிக்கிழமை என்றாள். வெள்ளிக்கிழமை தாண்டினால் அவள் கிளம்பிவிடுவாள். எல்லையில் பிடிபடலாம், சுடப்படலாம். பெட்டி மடிக்கிற அவளை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புஷ்பா ஒரு நோட்டில் பதினொரு போன் நம்பர் எழுதினாள். சண்டாரின் ஊர்ப் பக்கத்து ஆட்கள், பினாங்கில் இருக்கிறவர்கள், தாய்லாந்தில் இருக்கிறவர்கள். சோ மின் ஓய்வு நேரமெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். கடைசியில் ஒரு ஆள் கிடைத்தான். அவன் இருக்கிற இடத்தில் குன்று மேல் ஏறினால்தான் லைன் கிடைக்கும். அப்போது புஷ்பா சண்டாரிடம் ஒன்று கேட்டாள். “நிலாருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு சொல்லு. அத அவகிட்ட கேட்டுப் பதில் வாங்கச் சொல்வோம். உங்க ஊருலயும் காளிதாசன் இருப்பாருல்ல?”

மூன்று நாளில் சண்டார் அப்போதுதான் லேசாகச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊதாச் சப்பாத்துக்குள் முன்பக்கம் என்ன இருந்தது என்று கேட்கச் சொன்னாள் சண்டார்.

அந்த மூன்று நாளும் சண்டார் என்னோடு பேசவில்லை. நான் கறிபாப் பலகாரம் வாங்கி அவள் இடத்தில் வைப்பேன், அவள் அதை அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சோ மின் ஓடி வந்தான். குன்றிலிருந்து போன் வந்திருக்கிறது. நிலார் உயிரோடு இருக்கிறாள். இரண்டு ஊர் தள்ளி ஒரு புத்த மடத்தில் குழந்தைகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், அதில் அவளும் இருக்கிறாளாம். சண்டாரின் தங்கை இறந்துவிட்டாள். இரண்டையும்தான் அவன் சொன்னான். நான் போர்க்லிப்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். புண்ணியவான், முதல் ஆளாகச் சொல்லி என் பாவத்தைக் கழுவப் போகிறேனாம்!

“நிலார் இருக்கா! உயிரோட இருக்கா!” என்று கத்தினேன்.

சண்டார் எழுந்துவிட்டாள். என் கையை இறுகப் பிடித்தாள். “என் தங்கச்சி?”

“அவளும்... அவளும் நல்லா...”

சாமி சத்தியமாக, நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்த வார்த்தை தானாக வந்து நின்றது. சண்டார் எனக்குப் பின்னால் நின்ற சோ மின்னைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் என் கையை விட்டாள். உட்கார்ந்தாள். அடுத்த பெட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற உண்மையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிறேன், அவள் அதை வாங்கவில்லை. என் வாயிலிருந்து வந்த எதையும் அவளால் நம்ப முடியவில்லை.

புஷ்பா வந்தாள். என்னைத் திட்டக்கூட இல்லை. சோ மின்னிடம் மட்டும் கேட்டாள். “அந்த ஆளு புள்ளைய கண்ணால பாத்தாரா, கேள்விப்பட்டாரா?”

“கேள்விப்பட்டாராம்.”

“சப்பாத்து?”

“கேக்கல. இனிமே மடத்துக்குப் போயிக் கேட்டுட்டு வருவாராம்.”

புஷ்பா சண்டார் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். “நிலார் ஒரு மடத்துல இருக்கான்னு ஒருத்தர் சொல்றாரு. கேட்ட சேதிதான், பாத்த சேதி இல்ல. உன் தங்கச்சியப் பத்தியும் ஒரு சேதி வந்திருக்கு. அது நல்ல சேதி இல்ல. அதையும் இன்னும் உறுதி பண்ணல. ஆளு போயிருக்காரு. வந்ததும் சொல்றேன்.” சண்டார் தலையை ஆட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. புஷ்பாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். “பெத்தவ துடிக்கிறா, புள்ள இருக்குன்னு அடிச்சு சொன்னா என்னா? உனக்கென்ன கல்லா நெஞ்சு?”

“புள்ள அங்க இல்லன்னா நாளைக்கு அவகிட்ட யாருண்ணே போயி சொல்றது? நீங்க போவீங்களா?” என்றாள்.

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கல் நெஞ்சு என்று சொன்ன வாயை அறுத்துப் போட வேண்டும்.

பதினொன்றிலிருந்து நாலு வரை ஐந்து மணி நேரம். அங்கே ஒரு மனிதர் குன்றிலிருந்து இறங்கி மடத்துக்கு நடக்கிறார், திரும்ப ஏறுகிறார். இங்கே சண்டார் பெட்டி மடிக்கிறாள். மத்தியானம் அவள் சாப்பிடவில்லை, புஷ்பாவும் சாப்பிடவில்லை, நானும் போகவில்லை.

நாலு மணிக்குச் சோ மின்னின் போன் அடித்தது. அவன் கேட்டதைப் புஷ்பா இரண்டு தரம் சொல்ல வைத்து நோட்டில் எழுதிக்கொண்டாள். யார் பார்த்தது, எப்போது, குழந்தை என்ன சொன்னது, எல்லாம். பிறகு சண்டாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு சேதி. ரெண்டும் உண்மை. உன் தங்கச்சி செத்துட்டா. செவ்வாய்க்கிழமையே. அந்த ஆளே அவளப் பொதைச்ச எடத்தப் பாத்துட்டு வந்திருக்காரு.”

சண்டார் கண்ணை மூடினாள். அவள் தோள் குலுங்கியது. அவள் கண்ணைத் திறக்கும்வரை புஷ்பா கையை விடாமல் காத்திருந்தாள்.

“நிலார் உயிரோட இருக்கா. காயம் இல்ல. அவரு கண்ணால பாத்தாரு. சப்பாத்தப் பத்திக் கேட்டாரு.” புஷ்பா சோ மின்னைப் பார்த்தாள். பதிலை அவன் தன் மொழியில் சொன்னான். எங்களுக்காகப் புஷ்பா நோட்டைப் பார்த்து வாசித்தாள். “முன்னாடி நீல கிளவ்ஸ் இருந்திச்சு. இப்ப எடுத்துப் போட்டுட்டேன். கால் வளந்திருச்சு, சரியா இருக்கு. அம்மாகிட்ட சொல்லுங்க.”

சண்டார் தன் உள்ளங்கையை விரித்து மகளின் பாத நீளம் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைத் தாண்டிப் பார்த்தாள். நாலு வயதில் விட்டுவந்த பாதம் அது. சிரித்தாள், அதே மூச்சில் ஓவென்று கதறினாள். லைனில் இருந்த நாற்பது பேரும் அழுதோம். எங்கள் தோட்டத்துப் பெண், எங்கள் லயத்துப் பெண், பிரியாணிக்காகப் படிக்கப் போனவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் நெஞ்சு பெருமையில் வெடித்துவிடும் போல இருந்தது. இவள் படத்துக்குக் கீழேதான் தாமதமாக வராதவர் என்று எழுதியிருக்கிறார்கள்!

சண்டார் அன்று ஏஜென்டைக் கூப்பிடவில்லை. மகள் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது, பணமும் துணியும் அனுப்ப வழி கிடைத்துவிட்டது, இங்கே இருந்தால்தான் அதைச் செய்ய முடியும் என்று அவளே சொன்னாள்.

கூட்டம் கலைந்த பிறகு நான் நைசாக நழுவப் பார்த்தேன். “அண்ணே” என்று கூப்பிட்டாள் சண்டார். மூன்று நாளுக்குப் பிறகு அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

“நீயும் சொல்லு.”

புஷ்பாவைப் பார்த்தேன். அவள் எனக்கு உதவிக்கு வரவில்லை. தன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள், அவ்வளவுதான். நான் அதில் உட்கார்ந்தேன். இரண்டு காலையும் தரையில் வைத்தேன்.

“உன் தங்கச்சி செத்துட்டா. நிலார் உயிரோட இருக்கா. நான் உன்கிட்ட ரெண்டு தரம் பொய் சொன்னேன்.”

ஐம்பத்தாறு வயதில் ஒரு சாவை முழுதாக என் வாயால் சொன்னது அன்றுதான். சண்டார் கடைசிவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சாப்பிட்டியா அண்ணே?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன். அவள் என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நம்பினாள்.